கள்ளியேந்தல் பையில் ஒரு தாள்

பெரியபட்டினம்
21.06.2020

அன்புள்ள ஹாஃபிஸா லாத்தாவுக்கு,

மாஷிதாவின் சலாம். எனக்கும் உம்மாவுக்கும் இதுவரை காய்ச்சல், இருமல் ஒன்றுமில்லை. சவுதியில், தமாமில் வாப்பாவும் சுகம்தான். விமானம் விடும்வரை கம்பெனி அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்களாம். திருப்பாலைக்குடியில் நீயும் மச்சானும் மாமியும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. நம் வீட்டுப் போன் இப்போது பள்ளிக்கூடத்துப் போன். உன் வீட்டுப் போனில் மாமி ஸ்பீக்கர் போட்டுத்தான் பேச விடுவார். நான் சொல்ல நினைப்பதை மாமி கேட்கக் கூடாது, உம்மாவும் கேட்கக் கூடாது. அதனால் உம்மா கூடத்தில் தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது, அரிசி மூட்டை வைத்திருக்கும் அறையில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

உம்மா தலைமை ஆசிரியை என்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் பள்ளிக்கூடம் பூட்டியபிறகுதான் முழுப் பள்ளிக்கூடமும் வீட்டுக்குள் வந்துவிட்டது. பஸ் இல்லாததால் மற்ற டீச்சர்கள் வர முடியவில்லை. சுற்றியுள்ள ஊர்களில் பாதி வீட்டில் போன் இல்லை. எந்த ஊரடங்கிலும் நிற்காமல் போவது குடிதண்ணி வண்டி ஒன்றுதானே. உம்மா அந்த வண்டிக்கார இருளாண்டி அண்ணனைப் பிடித்துவிட்டார். ஊருக்கு ஒரு மஞ்சப்பை, மொத்தம் ஏழு பை. சனிக்கிழமை பாடம் போகும், செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் எழுதிய தாள் திரும்பி வரும். கார்பன் வைத்து நகல் எழுதுவது, பை பிரிப்பது, வருகைப் பதிவேட்டில் டிக் போடுவது எல்லாம் நான்.

"ஒரு வாரம் தாள் வராட்டி காய்ச்சல்னு வச்சுக்கலாம். ரெண்டு வாரம் வராட்டி நான் அந்த வூட்டு வாசல்ல போய் நிக்கணும்" என்பது உம்மாவின் சட்டம். இதுவரை ஐந்து வீட்டு வாசலில் நின்றுவிட்டார்.

திருத்திய தாளோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் பச்சை மையில் அரைப்பக்கம் கடிதம் எழுதுகிறார். நூற்று நாற்பத்திரண்டு பிள்ளைகள். நூற்று நாற்பத்து மூன்றாவது நான். என் தாள்கள் பிரிட்ஜ் மேல் இருக்கின்றன. கேட்டால், "உன்னுதை நாளைக்குப் பாக்குறேன்மா, நீ வூட்டுலதானே இருக்கே."

பதில் எழுது. உம்மாவிடம் சொல்லிவிடாதே.

உன் தங்கை
மாஷிதா


திருப்பாலைக்குடி
03.07.2020

என் மாஷிதாக் குட்டிக்கு,

லாத்தாவின் சலாமும் முத்தமும். எல்லோரும் சுகம். மச்சானுக்கு மஸ்கட்டில் இருந்து இன்னும் அழைப்பு வரவில்லை, வீட்டில்தான் இருக்கிறார். மாமி நல்லவர்.

நம் உம்மாவுக்குப் பள்ளிக்கூடம் மூத்த பிள்ளை. நான் இரண்டாவது, நீ மூன்றாவது. எனக்குப் பழகிவிட்டது, உனக்கும் பழகும். ஐந்தாம் வகுப்பில் எனக்கு அம்மை போட்டபோது உம்மா வீடு வீடாகப் போய்ப் பிள்ளை சேர்த்துக்கொண்டிருந்தார். வேப்பிலையை வைத்து விசிறியவர் பக்கத்து வீட்டு அஃபீஃபா மாமி. இதைச் சொல்லிச் சிரிப்பதற்குத்தான் எழுதுகிறேன்.

ஒரு உதவி. என் கடைசி செமஸ்டர் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம் என்று பேச்சு இருக்கிறது. காலேஜில் நம் வீட்டு நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன். மெசேஜ் வந்தால் உடனே தேதியை எழுதி அனுப்பு. கல்யாணத்தின்போது மாமி படிப்பை முடிக்கலாம் என்று வாக்குக் கொடுத்ததை நீயும் கேட்டாய்தானே. அலமாரியில் இருக்கும் என் புத்தகங்களை யாருக்கும் கொடுத்துவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

லாத்தா


பெரியபட்டினம்
19.07.2020

அன்பு லாத்தா,

சலாம். உன் கடிதம் வந்த நாள் உம்மாவே தபால்காரரிடம் வாங்கினார். யாரிடமிருந்து என்றுகூடப் பார்க்காமல் என் கையில் வைத்துவிட்டு, போனில் யாருக்கோ ரேஷன் கடை திறக்கும் நேரம் சொல்லிக்கொண்டே போய்விட்டார். பயந்த நான்தான் முட்டாள். மெசேஜ் பார்க்கிறேன், போன் என் கைக்கு வருவதே இல்லை.

உம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்து போனது. பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது, நீ பயப்படாதே. அந்த இரண்டு நாளும் உன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். நான் வெளியே நின்று மூச்சுச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். எழுந்து வந்ததும் உம்மா கேட்ட முதல் கேள்வி, "கள்ளியேந்தல் பை வந்துருச்சா?"

கள்ளியேந்தல் என்றால் மதுமதி. உனக்குத் தெரியாது. கூத்தையா என்பவருடைய மகள். அவரும் ராக்கு அக்காவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். ஏழாம் வகுப்பு முழுக்க என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பையில் பனங்கிழங்கு கொண்டுவந்து பாதி ஒடித்துத் தருவாள். அப்போது எனக்கு அவளைப் பிடிக்கும்.

போன வாரம் "எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரும் வழி" என்று கட்டுரை. நான் நான்கு பக்கம் எழுதினேன். அவள் ஒன்றரைப் பக்கம். தண்ணி வண்டியின் ஹாரனைக் காதில் வாங்கிக்கொண்டே தூங்குவதாகவும், வரிசையில் தன் குடம் மட்டும் நெளிந்திருப்பதால் இருட்டிலும் தடவிக் கண்டுபிடிப்பதாகவும் எழுதியிருந்தாள். உம்மா அதை மூன்று டீச்சர்களுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினார். "கேளுங்க டீச்சர், நெளிஞ்ச கொடமாம்! இந்தப் புள்ளைய எப்படியாச்சும் காலேஜ் வரைக்கும் கொண்டு போயிறணும்." மீன் ஆணம் அடுப்பில் தீய்ந்துபோனது. நான்தான் இறக்கினேன்.

அவளுக்கு உம்மா எழுதியது அரைப்பக்கம் இல்லை. இரண்டு பக்கம். "என் கண்ணே" என்று ஆரம்பித்திருந்தது. என்னை எப்போது கடைசியாக அப்படிக் கூப்பிட்டார் என்று யோசித்தேன். நினைவு வரவில்லை.

என் நான்கு பக்கம் பிரிட்ஜ் மேல் போய்விட்டது. அதன்மேல் உம்மா மாவுச் சல்லடையை வைத்திருக்கிறார்.

உன்
மாஷிதா


பெரியபட்டினம்
12.08.2020

அன்பு லாத்தா,

சலாம். ஹஜ்ஜுப் பெருநாள் எப்படிக் கழிந்தது? இங்கே தொழுகை வீட்டிலேயே. நலம் விசாரித்து நீ எழுதுவாய் என்று பார்த்தேன், தபால் வரவில்லை.

போன செவ்வாய் கள்ளியேந்தல் பையில் மதுமதியின் தாள் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வாரமாவது கூடத்தில் அவள் பேச்சு இருக்காது. நேற்றும் தாள் இல்லை. இரண்டு வாரம் ஆகிவிட்டது.

சொன்னால் உம்மா நாளைக்கே கள்ளியேந்தலுக்குப் போவார். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவள் தலையைத் தடவி, அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். மற்ற ஐந்து வீட்டுக்கும் போய்வந்து அப்படித்தான் சொன்னார். எனக்கு அதை நினைக்கவே வயிறு எரிந்தது.

பதிவேட்டில் மதுமதிக்கு இரண்டு வாரத்துக்கும் டிக் போட்டுவிட்டேன்.

ராத்திரி உம்மா, "மதுமதி எழுதுனது கண்ணுல படலையே?" என்றார். "அடியில கெடக்கும்மா" என்றேன். அடுத்த வாரம் அவள் தாள் வந்துவிடும், பிறகு ஒன்றுமில்லை. வந்துவிடும்தானே?

மாஷிதா


திருப்பாலைக்குடி
22.08.2020

அன்பு மாஷிதாவுக்கு,

சலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை, சோம்பல்தான், அதனால்தான் தாமதம். பெருநாளைக்கு உம்மா போன் செய்தார். இரண்டு நிமிடம் பேசியிருப்பார், அதற்குள் வேறு அழைப்பு வந்துவிட்டது.

உன் ஜூலை மாதக் கடிதம் போன வாரம்தான் கிடைத்தது. அந்தப் பெண்ணின் குடத்தைப் பற்றிப் படித்து எனக்கும் பொறாமையாக இருந்தது. நானும் அந்தத் தண்ணீரைத்தானே குடித்தேன், எனக்கு ஏன் அப்படி எழுத வரவில்லை?

மெசேஜ் வந்ததா? இந்த மாதக் கடைசியில் தேதி தெரியும் என்று தோழி சொன்னதாக நினைவு. மறக்காமல் பார்.

லாத்தா


பெரியபட்டினம்
28.08.2020

லாத்தா,

சலாம். நீ சுகமா? எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. நோயில்லை. என்னவென்று சொல்கிறேன், திட்டாதே.

மூன்றாவது வாரமும் மதுமதியின் தாள் வரவில்லை. உம்மா கண்டிப்பாகக் கேட்பார். அதனால் நானே எழுதினேன். அவள் எழுத்து எனக்குத் தெரியும்; உருண்டையாக, இடதுபக்கம் சாய்ந்து இருக்கும். "நான் பயந்த நாள்" என்பது தலைப்பு. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கதவுக்கு வெளியே நின்று மூச்சை எண்ணினேன் என்று எழுதினேன். நாற்பது மூச்சுக்கு ஒருமுறை இருமல் வந்ததையும், இருமல் வராத நேரத்தில்தான் அதிகம் பயந்ததையும் எழுதினேன். கீழே மதுமதி, எட்டாம் வகுப்பு என்று போட்டுப் பையில் வைத்தேன்.

உம்மா அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு எழுதிய கடிதம் இதோ என் ஜியோமெட்ரி பெட்டியில் இருக்கிறது. பை கட்டுவது நான்தானே, எடுத்துக்கொண்டேன்.

"என் கண்ணே மதுமதி, கதவுக்கு வெளியே நின்று அம்மாவின் மூச்சை எண்ணிய பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. இப்படி ஒரு மகளைப் பெற உன் அம்மா கொடுத்து வைத்திருக்க வேண்டும்."

லாத்தா, எனக்கு உம்மாவிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. இதுவரை முப்பது தடவை படித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் முதல் வரியில் அவள் பெயர் வருகிறது. விரலால் மறைத்துக்கொண்டு படிக்கிறேன்.

இந்த வாரமும் அவள் தாள் இல்லை. நான் இன்னொன்று எழுதினேன். முதலில் எழுதியது பயத்தில். இரண்டாவது ஆசையில்.

மாஷிதா


திருப்பாலைக்குடி
07.09.2020

மாஷிதாவுக்கு,

சலாம். உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. சுகம் விசாரிக்க மனமில்லை.

நான்கு வாரமாக ஒரு பிள்ளையிடமிருந்து சத்தமே இல்லை. அவள் ஏன் எழுதவில்லை என்று நீ ஒரு வரியாவது யோசித்திருக்கிறாயா? உன் கடிதத்தில் தேடிப்பார்த்தேன். இல்லை. எழுத ஆசையுள்ள பெண் தானாக எழுதுவதை நிறுத்த மாட்டாள். யாராவது நிறுத்தியிருப்பார்கள். இது எனக்குத் தெரியும்.

உம்மாவிடம் போய்ச் சொல். அடித்தால் வாங்கிக்கொள். அந்த வீட்டுக்கு உம்மா போகவேண்டும் என்பதற்காகத்தான் உம்மா அந்தச் சட்டத்தையே வைத்தார். அதன் வாயை நீ பொத்தி வைத்திருக்கிறாய்.

என் மெசேஜைப் பற்றி இனிக் கேட்க மாட்டேன். விடு. அலமாரியில் இருக்கும் புத்தகங்களை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிடு. எனக்கு வேண்டாம்.

ஹாஃபிஸா


பெரியபட்டினம்
09.09.2020

லாத்தா,

உன்னிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அதற்குள் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்றுப் பையை இறக்கிக்கொண்டே இருளாண்டி அண்ணன் கேட்டார். "ஏம் பிள்ளே, டீச்சரு கூத்தையா வீட்டுப் பக்கம் இன்னும் வரலையே, ஏன்? ஒரு மாசமா அந்த வீடு பூட்டிக் கெடக்கு. கொடம் வைக்கக்கூட ஆளு இல்ல."

"எங்க போயிட்டாக?"

"வயல்ல வேலை இல்லேல. குடும்பத்தோட கரிமூட்டம் போடப் போயிட்டாக, கருவேலங்காட்டுக்குள்ள. நேத்துத்தான் கூத்தையாவ வழியில பாத்தேன். வார ஞாயித்துக்கிழமை வேன் வருதாம்ல, வடக்க ஏதோ நூல் மில்லுக்கு. அந்தப் பிள்ளைய ஏத்தி விடப் போறேங்கான். பதினெட்டு வயசுன்னு எழுதிக்கிருவாகளாம். 'ஏலே, அதுக்குப் பதிமூணுதானலே ஆகுது'ன்னேன். 'பள்ளிக்கொடந்தான் இல்லையே, தொறக்குற அன்னைக்குப் பாத்துக்கிருவோம்'ங்கான். அந்தப் பிள்ள என்ன சொல்லுச்சு தெரியுமா? 'டீச்சர் வருவாக, ரெண்டு வாரம் தாளு போகலேல, கட்டாயம் வருவாக'ன்னு தெனமும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்குதாம். அப்பன் சொல்லிச் சிரிக்கான்."

லாத்தா, அவள் இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறாள். உம்மாவின் சட்டத்தை நம்பி.

சொல்லத்தான் போனேன். உம்மா போனில் இருந்தார். "இரும்மா" என்று கையைக் காட்டினார். நான் திரும்பி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. நாளைக்குச் சொல்வேன்.

மாஷிதா


பெயர்: மாஷிதா
வகுப்பு: எட்டு
நாள்: 15.09.2020, செவ்வாய்
தலைப்பு: நான் பயந்த நாள்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

சலாம், உம்மா. இந்தத் தாளைக் கள்ளியேந்தல் பையில் மதுமதியின் தாள் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கிறேன். பிரிட்ஜ் மேல் வைத்தால் படிக்க மாட்டீர்கள்.

ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து மதுமதி தாள் அனுப்பவில்லை. பதிவேட்டில் உள்ள டிக்குகள் நான் போட்டவை. கதவுக்கு வெளியே மூச்சு எண்ணிய கட்டுரையும் அதற்குப் பிறகு வந்தவையும் நான் எழுதியவை. நீங்கள் அவளுக்கு எழுதிய கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. அவளை மில்லுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று எட்டாம் தேதியே எனக்குத் தெரியும். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய நாட்களில் நான் சொல்லவில்லை. பதின்மூன்றாம் தேதி வேன் போயிருக்கும். நேற்று லாத்தாவின் கடிதம் வந்து திட்டியபிறகுதான் எழுதத் துணிவு வந்தது.

அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
தங்கள் மாணவி
மாஷிதா


பள்ளி அலுவலகம்
13.10.2020

மாஷிதாவுக்கு,

சலாம். உடல் நலம்தான் என்று தினமும் பார்க்கிறேன். பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன், இத்தனை நாளாக உன்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கோபத்தில் பேசினால் ஆறாது, அதனால் எழுதுகிறேன்.

அன்று உன் தாளைப் படித்ததும் தண்ணி வண்டியிலேயே ஏறிப் போனேன். நீ எழுதியபடி வேன் போய்விட்டிருந்தது. ராக்கு கரி படிந்த கையோடு என் காலைப் பிடித்தாள். கூத்தையா, "ஒரு மாசமா வருவீக வருவீகன்னு சொல்லிச்சு டீச்சர், நாந்தான் நம்பல" என்றான். குழந்தைகள் உதவி எண்ணில் தொடங்கி, கலெக்டர் அலுவலகம்வரை ஏறி இறங்கி, அவளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க பத்தொன்பது நாள் ஆனது. நீ எட்டாம் தேதி சொல்லியிருந்தால் ஒருநாள் வேலை. அவள் வலதுகைச் சுட்டுவிரல் நகம் மெஷினில் போய்விட்டது. அந்த விரலுக்கு நீ பொறுப்பு. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், நீயும் குறைத்து நினைக்காதே.

இனி என் பங்கு. நூற்று நாற்பத்திரண்டு பிள்ளைகளின் கையெழுத்தும் எனக்குத் தெரியும் என்று எல்லா டீச்சர்களிடமும் பெருமை பேசுகிறவள் நான். உன் எழுத்தை என் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பாராட்டியிருக்கிறேன். கூத்தையா வீடு ஒரே அறை, அதில் உள்கதவே கிடையாது. மூன்று தடவை போயிருக்கிறேன். அந்தக் கதவு யாருடைய கதவு என்று எனக்குத் தோன்றவில்லை.

பிரிட்ஜ் மேல் இருந்த பதினேழு தாளையும் திருத்திவிட்டேன். தண்ணீர்க் கட்டுரையில் மூன்றாம் பக்கம் நன்றாக இருக்கிறது. முதல் இரண்டு பக்கம் தேவையில்லை.

மதுமதி தனித்திருக்க வேண்டிய நாட்கள் முடியும்வரை ஹாஃபிஸாவின் அறையில் இருப்பாள் என்பது உனக்குத் தெரியும். மூன்று வேளையும் கதவருகே தட்டு வைப்பது இனி உன் வேலை.

உம்மா
(காலிதா, தலைமை ஆசிரியை)


பெரியபட்டினம்
01.11.2020

அன்பு லாத்தாவுக்கு,

சலாம். எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

மதுமதி தனியாக இருந்த நாட்களில் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பிறகு, "அந்த லெட்டரெல்லாம் எனக்கு வந்ததுதானே, குடு" என்றாள். கதவுக்கு அடியில் தள்ளினேன். மறுநாள் மூச்சு எண்ணிய கடிதத்தை மட்டும் திருப்பித் தள்ளினாள். "இது என்னுது இல்ல." அவ்வளவுதான். இப்போது அவள் கள்ளியேந்தலுக்குப் போய்விட்டாள். தாள் வாரம் தவறாமல் வருகிறது. எழுத்து இன்னும் நேராகவில்லை. எனக்கென்று அவள் எதுவும் எழுதுவதில்லை. பனங்கிழங்கு வரும் காலம் இன்னும் வரவில்லை. வந்தாலும் எனக்கு ஒடித்துத் தருவாளா தெரியாது.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்த் தாள். உம்மா அவள் விரலுக்கு மருந்து போட்டபோது என் விரலைப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்கில்லை. உன் புத்தகங்களைக் கொடுக்க அலமாரியைத் திறந்தேன். எல்லா ஓரத்திலும் பென்சிலில் உன் எழுத்து. மூட முடியவில்லை. உம்மாவிடம் போனைக் கேட்டு வாங்கினேன். அறுநூறு மெசேஜுக்கு அடியில் உன் காலேஜ் மெசேஜ் இருந்தது. ஆகஸ்ட் முப்பதாம் தேதி வந்திருக்கிறது. தேர்வு செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. உம்மாவிடம் காட்டினேன். உம்மா போனைக் கீழே வைத்தார். அது அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

தவறவிட்டவர்களுக்கு இன்னொரு தேர்வு உண்டு என்று உம்மா காலேஜில் கேட்டுவிட்டார். ஆனால் அதைச் சொல்ல உன் வீட்டுக்குப் போன் செய்யப்போவதில்லை.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. இருபதாம் தேதி எழுதியதற்கும் இல்லை. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் உன் பெயரை எழுதி, இரண்டு கட்டத்தையும் டிக் போடாமல் விட்டு, உம்மாவிடம் நீட்டினேன். உம்மா அதைப் பார்த்துவிட்டுப் பஸ் நேரம் விசாரித்தார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் நாங்கள் இருவரும் உன் வீட்டு வாசலில் வந்து நிற்போம். மாமியிடம் இப்போதே சொல்லாதே.

உன் தங்கை
மாஷிதா